பாதியில் நின்ற விரல்: தொடக்க வகுப்பு ஆசிரியரின் சோர்வு எங்கிருந்து வருகிறது?

ஆள்காட்டி விரல் ‘க’வின் அடியில் இருக்கிறது. உதடு அசைகிறது. விரல் நகர்ந்து ‘ட’வுக்கு வருகிறது. இரண்டையும் சேர்த்து மெல்லச் சொல்லிப் பார்க்கிறாள்: ‘கட’. இன்னும் ஒரே ஒரு எழுத்து. மூன்று மாதமாக எழுத்துகளைத் தனித்தனியாக மட்டுமே சொல்லிவந்த பெண் அவள். ‘க’ தெரியும், ‘ட’ தெரியும், ‘ல்’ தெரியும். சேர்த்தால் என்ன என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். அன்று முதல்முறையாக அந்த மூன்றும் ஒட்டப்போகின்றன. பக்கத்தில் குந்தியபடி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறேன்.

“டீச்சர், இவன் என் ரப்பரைக் கடிச்சுட்டான்!”

திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினேன். அதற்குள் கடைசி வரிசையில் ஒருவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம். எழுந்து ஓடினேன். அவனை முன்பக்கம் குனியவைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேறு வகுப்புப் பிள்ளை ஒன்று சுற்றறிக்கையோடு வந்து நின்றது. “இப்பவே கையெழுத்து வேணுமாம் டீச்சர்.” எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அவளுடைய விரல் புத்தகத்தில் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கேம்மா விட்டோம்?” என்றேன். “முடிஞ்சுபோச்சு டீச்சர்” என்றாள். மணி அடித்தது.

பல வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தவள் நான். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு என்ன கஷ்டம் என்று யாராவது கேட்டால், பிள்ளைகளின் சத்தம், சேட்டை, சொன்ன பேச்சு கேட்காமை என்றுதான் உடனே பதில் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சேட்டையால் வரும் களைப்பு ஒரு இரவுத் தூக்கத்தில் போய்விடும். தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு ஒன்று உண்டு. அது அந்த விரலில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று கண்ணெதிரே தெரியும், அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் நாம்தான், ஆனாலும் பாதியில் எழுந்து போகிறோம். ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை இப்படிப் பாதியில் விடுவதுதான் இந்த வேலையின் உள்ளே இருக்கும் வலி. மற்றவை பெரும்பாலும் அதன் கிளைகள்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜாக்சன் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர். ஓர் ஆசிரியர் ஒரு நாளில் பிள்ளைகளோடு 1,000 முறை வரைகூடப் பேச்சுக் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறார் என்று 1968இல் எழுதினார். ஐந்து மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு மூன்றுக்கு மேல். பதில் சொல்வது, தலையசைப்பது, “உட்காரு” என்பது, “அப்புறம் காட்டு” என்பது எல்லாம் இதில் அடக்கம். ஒவ்வொன்றும் சின்ன முடிவு. இவனை வெளியே விடலாமா, இவள் அழுவது உடம்புக்கு முடியாமலா, பக்கத்தில் இருப்பவள் ஏதாவது சொன்னதாலா, இந்தத் தப்பை இப்போதே திருத்துவதா, முயன்று பார்க்கட்டும் என்று விடுவதா? யோசிக்க நேரமே இல்லாமல் எடுக்கும் இந்த முடிவுகளில் சில தப்பாகிவிடுகின்றன. தப்பானவை சாயங்காலம்தான் நினைவுக்கு வரும்.

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் சோதித்துக் காட்டினார். அலுவலக வேலைகளை மனதில் வைத்து நடந்த ஆய்வு அது. ஆனால் படிக்கும்போது எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த கை அவனிடம் இருந்தது, மனதில் பாதி ‘ல்’லில் இருந்தது. சுற்றறிக்கையில் கையெழுத்து போட்டபோது அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சேட்டையைப் பற்றிய தப்புக் கணக்கு

கண்டிப்பான ஆசிரியரிடம் பிள்ளைகள் அடங்கியிருக்கும், இளகிய ஆசிரியரிடம் ஆட்டம் போடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளருக்கும் முதலில் ஏறக்குறைய அந்த எண்ணம்தான். கல்லூரியில் அவர் பாடம் நடத்தும்போது ஒரு மாணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடிந்துகொண்டதும், கடியப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கூனின் பார்த்தார். ஒருவரைத் திட்டினால் அந்த அலை எல்லாரிடமும் பரவுகிறதே, எப்படித் திட்டினால் நன்றாகப் பரவும் என்று தேட ஆரம்பித்தார். தொடக்க வகுப்புகளைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1970இல் அவர் வெளியிட்ட முடிவு அவர் தேடிப்போனதற்கு நேர்மாறாக இருந்தது. தப்பு நடந்தபின் ஆசிரியர் எப்படித் திட்டுகிறார் என்பதற்கும் வகுப்பு ஒழுங்காக இருப்பதற்கும் சொல்லும்படியான தொடர்பே இல்லை. நன்றாக நடக்கும் வகுப்புகளில் வேறு விஷயங்கள் இருந்தன. ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கையாள ஆசிரியருக்கு முடிந்தது. பாடம் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பாடம் அறுபடாமல் ஓட வேண்டும். குறுக்கீடு வந்து பாடம் அறுந்த இடத்தில்தான் சேட்டை முளைக்கிறது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நான்கு நிமிடத்தில் மற்ற முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள். ஏழு வயதில் நான்கு நிமிடம் சும்மா இருப்பது பெரிய வேலை. ஆக, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடங்காத பிள்ளைகளாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்கு அறுந்துபோன பாடமாகத் தெரிகிறது. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவே மாட்டிக்கொள்பவர் ஆசிரியர். “உங்க கிளாஸ்லதான் எப்பவும் சத்தம்” என்று யாராவது சொன்னால், அதற்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு வாக்கியத்தில் அடங்காது. அதனால் எதுவும் சொல்லாமல் போய்விடுவோம்.

ஒரே வகுப்பு, ஏழு வயது வித்தியாசம்

வகுப்பில் எல்லாருக்கும் ஏழு வயது என்று பதிவேடு சொல்லும். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய 12 மாத இடைவெளி இருக்கலாம். பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஆறு வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. இந்த இடைவெளியை யோசிக்காமல், வகுப்பில் இளைய பிள்ளைகளுக்குக் கவனக்குறைவுக் கோளாறு (ADHD) இருப்பதாக மூத்த பிள்ளைகளைவிட அதிகமாக முத்திரை விழுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக இருப்பது அங்கே குறையாகப் பதிவாகிவிடுகிறது.

பிறந்தநாளைவிடப் பெரிய இடைவெளி வேறொன்று. கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு அதன்படி நடக்கும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். சூசன் கேதர்கோல், டிரேசி ஆலோவே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை வகுப்பறைக் கணக்கில் சொன்னார்கள்: ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் 30 பேர் இருக்கும் வகுப்பில், குறைந்தது 3 பேருக்குச் சராசரி நான்கு வயதுப் பிள்ளையின் செயல்நினைவு இருக்கும், வேறு 3 பேருக்குச் சராசரி பதினோரு வயதுப் பிள்ளையின் செயல்நினைவு இருக்கும். பதிவேட்டில் ஒரே வயது. தலைக்குள் ஏழு வயது வித்தியாசம்.

“நோட்டை எடு, தேதி போடு, போர்டுல இருக்கற மூணாவது கணக்கைப் பார்த்து எழுது, முடிச்சதும் என்கிட்ட கொண்டுவா.” நான் இப்படித்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு கட்டளை, ஒரே மூச்சில். சிலர் எழுதி முடித்து எழுந்துவிடுவார்கள். சிலர் நோட்டை எடுத்து, தேதி போட்டு, அதோடு நின்றுவிடுவார்கள். ஒருவன் எப்போதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பான். “சொன்னது காதுல விழலையா?” என்று அவனைக் கேட்டிருக்கிறேன், ஒரு முறை இல்லை, பல முறை. விழுந்திருந்தது. நான்காவது கட்டளை விழும்போது முதல் மூன்றும் வழிந்துபோயிருந்தன. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். தாமதமாகத் தெரிந்துகொண்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆனால் தெரிந்துகொண்டதால் வேலை குறையவில்லை, கூடியது. இவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவளுக்குக் கூடுதல் கணக்கு கொடுத்து அலுப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருத்திக்கு எழுத்து பெரிதாக வேண்டும், இன்னொருவனை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைக்கக் கூடாது. பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி கற்றுக்கொடு. சரியான பேச்சு. ஒரு பாடவேளை 40 நிமிடம், பிள்ளைகள் 30 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 80 நொடி, அதுவும் பொதுவாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முழு நேரத்தையும் பங்கு போட்டால்.

அந்த 80 நொடியிலும் அவசரம் புகுந்துவிடுகிறது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, “தெரியாது” என்பது குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகள் பேச முன்வந்தார்கள். இரண்டு நொடிக்கு இவ்வளவு பலன். இதில் என்னை உலுக்கியது இன்னொன்று: மெல்லக் கற்பவர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைக்கு, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைத்ததைவிடக் குறைவான நேரமே கிடைத்தது. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கே குறைவு. கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை இது. அவனால் சொல்ல முடியாமல் போனால் வெட்கப்படுவானே என்ற இரக்கத்தாலும் பாடம் அறுந்துவிடுமே என்ற பயத்தாலும்தான் அடுத்தவரிடம் போகிறோம். வீட்டுக்குப் போனபின் அவன் முகம்தான் நினைவுக்கு வரும்.

தொண்டை

உடம்பில் முதலில் போவது குரல். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் ஆசிரியர்களையும் மற்ற வேலை செய்பவர்களையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வு இது: ஆய்வு நடந்த நேரத்தில் குரல் கோளாறு இருந்த ஆசிரியர்கள் 11 சதவீதம், மற்றவர்கள் 6.2 சதவீதம். வாழ்நாளில் ஒரு முறையாவது குரல் கோளாறு வந்தவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். இரண்டு மடங்கு.

வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. ஆள் இல்லாத அமைதியான அறையின் அளவு அது. மின்விசிறி சுழன்று, ஜன்னல் திறந்து, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தால் அதைக் கடந்துவிடும். இரைச்சல் கூடும்போது மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே கண்டு சொன்னார். பிள்ளைகளுக்கும் அதே விதிதான். நான் குரலை உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள், அதற்கு மேல் நான் உயர்த்த வேண்டும். போதாததற்கு, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவு. “கவனிக்கவே மாட்டேங்கறான்” என்று நாம் சொல்லும் பிள்ளைக்குப் பல நேரம் சொல் தெளிவாகக் கேட்டிருக்காது.

தொண்டை கட்டினாலும் வேலைக்கு வந்தாக வேண்டும். நாம் வராவிட்டால் நம் பிள்ளைகள் வேறு வகுப்புகளில் பிரித்து உட்காரவைக்கப்படுவார்கள். அந்த ஆசிரியர் முப்பதோடு பத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். லீவு எடுக்கும்போது அவருடைய முகம்தான் கண்முன் நிற்கும்.

சிரித்த முகமும் அதன் விலையும்

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் ‘உணர்வு உழைப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். வேலைக்குத் தேவையான உணர்வை முகத்தில் கொண்டுவருவதும், தேவையில்லாததை அடக்குவதும்கூட உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் வாதம். விமானப் பணிப்பெண்களை வைத்து அவர் இதை விளக்கினார். தொடக்க வகுப்பில் இந்த உழைப்புக்கு இடைவேளை கிடையாது. பெரியவர்கள் நம் முகச்சுளிப்பைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை விடாது. நம் வீட்டில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. டீச்சர் முகம் கடுகடுவென்று இருந்தால் தன்மேல் கோபம் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் கடைசிப் பாடவேளை. விடை சரியா என்று கேட்டு ஒரு பையன் ஐந்தாவது முறையாக என் மேசைக்கு வந்தான். “எத்தனை தடவைடா வருவே? போய் உட்காரு!” கத்திவிட்டேன். வகுப்பு முழுக்க அடங்கிப்போனது. அவன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் விடையைக் காட்ட வரவே இல்லை. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான், “பரவாயில்ல டீச்சர்” என்றான். வரவில்லை. அன்று அவன் கேட்டது அநியாயமே இல்லை. ஒரு தலையசைப்பு போதும் அவனுக்கு. 999 தலையசைப்பு முடிந்துபோயிருந்த நேரத்தில் வந்துவிட்டான், அவ்வளவுதான்.

மழலையர் வகுப்பில் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இருந்த உறவு கசப்பானதாக இருந்தால், அதன் தடம் எட்டாம் வகுப்பு வரைகூடப் படிப்பிலும் நடத்தையிலும் தெரிகிறது என்று பிரிட்ஜெட் ஹாம்ரே, ராபர்ட் பியான்டா இருவரும் 2001இல் எழுதினார்கள். இப்படிப்பட்ட ஆய்வைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஊர் கேட்கும்போது, அந்த ஐந்தைக் கையில் வைத்திருப்பவர் மேல் விழும் பாரத்தை யாரும் நினைப்பதில்லை.

காகித வேலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வருகைப் பதிவு, மதிப்பெண் பதிவு, பாடத்திட்டக் குறிப்பு, அதே விவரத்தை மூன்று படிவத்தில் மூன்று வகையில் நிரப்புவது எல்லாம் எல்லா ஆசிரியர்களுக்கும் உள்ளதுதான். தொடக்க வகுப்பில் மட்டும் அது பிள்ளையின் நேரத்திலிருந்து நேராகக் கழிகிறது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நாள் முழுக்க. பாடவேளை மாறினாலும் ஆள் மாறுவதில்லை. தண்ணீர் குடிக்க வெளியே போகவும் யாராவது வந்து நிற்க வேண்டும்.

பெற்றோரிடம் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவர்கள் ஒரே பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்கள், அதுதான் அவர்கள் கடமை. “என் பொண்ணை நீங்க தனியா கவனிக்கணும்” என்று ஒரு தாய் சொன்னால் அதில் தப்பே இல்லை. முப்பது தாய்களும் அதையே சொல்கிறார்கள், முப்பது பேர் சொல்வதும் நியாயம். நியாயமான கோரிக்கைகளை நிறைவேற்ற முடியாமல் நிற்பதுதான் கடினம். அநியாயமாக ஏதாவது கேட்டால் மறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

விளைவு எங்கே?

தச்சர் சாயங்காலம் தான் செய்த நாற்காலியைப் பார்க்கலாம். மருத்துவர் காய்ச்சல் இறங்கியதைப் பார்க்கலாம். அமெரிக்க ஆசிரியர்களிடம் பேட்டி எடுத்து 1975இல் தன் ஆய்வை வெளியிட்ட சமூகவியலாளர் டேன் லார்ட்டி, தன் உழைப்பு பலித்ததா என்று தெரியாமலே வேலை பார்ப்பது ஆசிரியத் தொழிலோடு கூடப்பிறந்தது என்றார். முட்டை அட்டையில் முட்டைகள் போல ஒவ்வொருவரும் தனித்தனி அறைக்குள் அடைபட்டிருப்பதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். பக்கத்து அறையில் இருப்பவரும் இதே தவிப்பில்தான் இருக்கிறார் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை. எல்லாரும் சமாளிக்கிறார்கள், என்னால்தான் முடியவில்லை என்று முதல் சில வருடங்கள் நான் நம்பினேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. இரண்டாம் வகுப்பில் எனக்கு அது தெரிந்ததே இல்லை. இதற்கு ஒரு நல்ல சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. 79 பள்ளிகளில் 11,000க்கும் அதிகமான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பிலும் மற்றவர்களை 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பிலும் மழலையர் வகுப்பு தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை படிக்கவைத்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். பின்னாளில் ராஜ் செட்டியும் அவருடைய சக பொருளாதார ஆய்வாளர்களும் அதே பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்கள் வாழ்க்கையைத் தேடிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, நல்ல மழலையர் வகுப்பு தந்த மதிப்பெண் லாபம் மேல் வகுப்புகளுக்குப் போகப் போகத் தேய்ந்து மறைந்தது. ஆனால் 27 வயதில் அவர்கள் சம்பாத்தியத்தில் அந்த வகுப்பின் பலன் மறுபடி தெரிந்தது. நடுவே பல வருடங்கள் தேர்வுத் தாளில் எதுவுமே தெரியவில்லை.

அந்த வகுப்பை எடுத்த ஆசிரியருக்கு இது எப்படி இருந்திருக்கும்? அவர் கையில் இருந்த ஒரே அளவுகோல் மதிப்பெண். அதுவும் நான்கைந்து வருடத்தில் கரைந்துவிட்டது. இருபது வருடம் கழித்துத் தெரிந்த பலனை அவரிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் அவரை மதிப்பிடுகிறவர்கள் இந்தப் பருவத் தேர்வின் சதவீதத்தைத்தான் கேட்பார்கள்.

எரிந்துபோவதும் மனம் விட்டுப்போவதும்

வேலையால் ஆள் எரிந்துபோவதைப் பற்றி (ஆங்கிலத்தில் ‘பர்ன்அவுட்’) மருத்துவ உலகில் முதலில் எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974இல். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் அதை அளக்கும் வழியை உருவாக்கினார். உணர்வு வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகுவது, தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகள். இந்தச் சொல்லைத்தான் ஆசிரியர்களுக்கும் பொருத்துகிறார்கள். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டம் போட்டு அறிவுரை சொல்கிறார்கள்.

கல்வியாளர் டோரிஸ் சாந்தோரோ இதில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார், என் அனுபவத்துக்கு அதுதான் நெருக்கம். எரிந்துபோனவரிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மனம் விட்டுப்போனவரிடம் கொடுக்க இருக்கிறது, கொடுக்கத்தான் வழியில்லை. எது நல்ல கற்பித்தல் என்று தான் நம்புகிறாரோ அதைச் செய்ய அந்த இடம் அவரை விடுவதில்லை. முன்னதற்கு ஓய்வு மருந்தாகலாம். பின்னதற்கு ஓய்வு பயன்படாது. விடுமுறை முடிந்து திரும்பி வந்தாலும் முப்பது பேர், 40 நிமிடம், வாசலில் சுற்றறிக்கை என எல்லாம் அப்படியேதான் இருக்கும். மூச்சுப் பயிற்சிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏன் அழுகை வந்தது என்று அன்று புரியவில்லை. இரண்டு மணி நேரம். அந்த நேரத்தை என் பிள்ளைகளில் நான்கு பேரோடு உட்கார விட்டிருக்கலாம்.

இதற்கான விலை சின்னதில்லை. 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி தொடக்க, இடைநிலை ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல், இருக்கும் ஆசிரியர்கள் வெளியேறுவதை ஈடுகட்டவே வேண்டும். தொடக்கப் பள்ளி வேலையை விட்டு விலகுபவர்கள் 2015இல் 4.6 சதவீதமாக இருந்து 2022இல் 9 சதவீதத்தை எட்டிவிட்டார்கள். விலகுபவர்கள் எல்லாரும் பிள்ளைகளை வெறுத்துப் போகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்து விலகிய இருவர், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தையும் பெயர் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள்.

எது உதவும் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வகுப்பின் அளவு குறைய வேண்டும், அதற்குப் பணமும் ஆட்களும் அறைகளும் வேண்டும், நாளாகும். நாளாகாத சில காரியங்களும் உண்டு. பாடவேளை நடுவே வகுப்புக்குள் யாரும் எதையும் அனுப்பக் கூடாது என்று ஒரு பள்ளி முடிவெடுக்க ஒரு பைசா செலவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது, அறைக்குள் இன்னொரு பெரியவர். டென்னசி பரிசோதனையில் வழக்கமான அளவு வகுப்பில் உதவியாளரை மட்டும் சேர்த்த பிரிவும் இருந்தது, அதில் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உதவியாளர் அங்கே என்ன செய்தார் என்பதைப் பொறுத்த விஷயம் அது என்று நினைக்கிறேன். படிவம் நிரப்ப அவரை உட்காரவைத்தால் பிள்ளைக்கு ஒன்றும் மாறாது.

ஒரு வருடம் எனக்கு அப்படி ஒரு துணை கிடைத்தது, வாரம் மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம். ரப்பர் சண்டை, மூக்கில் ரத்தம், வாசலில் வருபவர்கள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பவர்கள் எல்லாம் அந்த அக்காவின் பொறுப்பு. என் பொறுப்பு இரண்டு பிள்ளைகள், தலைக்கு அரை மணி நேரம். ‘கடல்’ என்ற சொல்லில் பாதியில் நின்ற பெண் அதற்குள் மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் வேறொரு பையன், வேறொரு சொல். சின்ன நாற்காலியைப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘ம’, ‘ர’. விரல் கடைசி எழுத்தின் அடியில் வந்து நின்றது. பின்னாலிருந்து “டீச்சர்!” என்று ஒரு குரல். நான் திரும்பவில்லை. அக்கா எழுந்து போகும் சத்தம் கேட்டது. பையன் விரலை எடுக்காமல், உதட்டைக் குவித்து, மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தான்.